நரிப்பாறை வச்ச பொட்டு

எங்க நரிப்பாறையில ஒரு பிள்ளை பிறந்து, அதைத் துணியில சுத்தி வெளிய கொண்டாந்து காட்டுனா, பாக்க வந்த யாரும் அழகா இருக்குன்னு சொல்ல மாட்டோம். என்ன இது கருவாடு மாதிரி கெடக்கு, மூக்கு அப்படியே அப்பன் மூக்கு, போச்சு போன்னு சொல்லி, கன்னத்துல ஒரு மைப்பொட்ட வச்சுட்டு, வெளிய வந்து யாரும் பாக்காத எடத்துல கண்ணத் தொடச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவோம். கண்ணு பட்டுரக் கூடாதுல்ல. கல்யாண வீட்டுல பாயசத்த வாங்கி வாங்கிக் குடிச்சுட்டு, ஏலக்கா கம்மின்னு சொல்லிட்டுத்தான் கை கழுவுவோம். புது வீடு கட்டுனா வாசல் கோணல். புது பைக் வாங்குனா கலர் சரியில்ல. குறையும் ஒரு மைதான், வாயால வைக்கிற மை. எதையாவது பாத்து நாங்க 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டோம்னா அது எங்களுக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். கொஞ்சமும் பிடிக்கலன்னா 'சூப்பர்'.

அப்படிப்பட்ட ஊர்ல பஜார் முக்குல சலூன் வச்சிருக்கவன் நான். பேரு கொம்பையா. பகல்ல சவரம், ராத்திரி நைட் ஸ்கூல்னு பத்தாவது முடிச்ச ஆளு, அதனால வெளிச்சத்துல நடத்துற பாடமெல்லாம் எனக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா சினிமான்னா கேளுங்க. என் கடையில எதிரும் புதிருமா ரெண்டு கண்ணாடி, கண்ணாடிக்கு மேல டி.வி., டி.வி.க்குக் கீழ ஊரோட மொத்தக் கருத்தும் உக்காந்திருக்கும். பெரிய நடிகர் படம் வந்தா கட்அவுட் வச்சு, பால ஊத்தி, மொத ஆட்டம் பாத்துட்டு, தொண்டை கட்டுன கையோட நேரா எங்க பெஞ்சுக்கு வந்து 'ரெண்டாம் பாதி இழுவை'ம்பாங்க. ரெண்டாம் பாதி இழுவை இல்லாத படத்த எங்க ஊரு இன்னும் பாக்கல. பாட்டா, பழைய மாதிரி இல்ல. அந்தப் பழைய பாட்டு புதுசா வந்தப்பவும் அதையேதான் சொன்னோம். அந்த நடிகை நல்லா நடிக்கா, ஆனா அழுகைக் காட்சியில மூக்கு மட்டும் தனியா நடிக்குது. இவன் நல்லா ஆடுதான், ஆனா கழுத்து கட்டை. எல்லாருக்கும் முடிவான கருத்து என்னோடது. கத்தி என் கையில இருக்கதால மறுத்துப் பேசுறவங்களும் கம்மி.

மாரிச்செல்விய நாங்க டி.வி.யில பாக்கதுக்கு முந்தியே காதால தெரியும். எதுத்தாப்புல இட்லிக்கடை போட்டிருக்க சுடலைக்கனியோட மக. பஜார்ல இருக்க பெரிய ஜவுளிக்கடை வாசல்ல மைக்கு வச்சுக்கிட்டு, வாங்க வாங்க, சேலை எடுக்க வாங்கன்னு நாள் பூரா கூப்பிடுற வேலை. அந்த 'வாங்க'வ அவ ஒரு இழுவை இழுத்து மேல கொண்டுபோய் நிறுத்துவா பாருங்க, நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிக்கவன் கூட எறங்கி உள்ள போய் ஒரு துண்டாவது எடுத்துட்டு வருவான். அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு டி.வி. பாட்டுப் போட்டியில எடம் கெடச்சுது.

மொத வாரம் அவ பாடயில நான் பழக்கடை வெள்ளத்துரைக்கு சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். பாட்டு மேல ஏறுச்சு, ஏறுச்சு, ஏறிக்கிட்டே போய் ஒரு எடத்துல நின்னுச்சு. என் கத்தியும் அவன் கன்னத்துல பாதியில நின்னுட்டு.

"என்ன அண்ணாச்சி, பாதியில நிக்கிங்க?"ன்னான் வெள்ளத்துரை.

"கரண்டு போயிருச்சுடே"ன்னேன்.

தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு, டி.வி.யில அவ பாடிக்கிட்டிருந்தா. வெள்ளத்துரை ஃபேனைப் பாத்தான், என்னையப் பாத்தான். பாட்டு முடிஞ்ச பெறகு நான் தொண்டையச் செருமிக்கிட்டு, "மேல போகயில பிசிறு தட்டுது. விவரம் தெரியாதவன் கேட்டா நல்லாருக்கும்"னேன். வெள்ளத்துரை, "ஆமா, மூச்சும் பத்தல"ன்னான். அப்படியே வாராவாரம் நாங்க அவள நொட்டை சொல்லச் சொல்ல, அவளும் ஒவ்வொரு படியா ஏறிக்கிட்டே போனா. எங்க மை வேலை செய்யுதுன்னு எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

கடைசிச் சுத்துக்கு முந்தின சுத்துலதான் அந்த டி.வி.க்காரங்க ஊருக்கே வந்தாங்க. பாடுற பிள்ளைங்க ஊர்க்காரங்கள ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி எடுத்து, மேடையில அதுகளுக்குப் போட்டுக் காட்டுவாங்களாம். மத்த ஊர்லயெல்லாம் எங்க தங்கமே, எங்க குயிலேன்னு சொல்லி அழுதிருக்காங்க. எங்க ஊர்ல, ஜீன்ஸ் போட்ட ஒரு பிள்ளை மைக்க நீட்ட, அதுக்குப் பின்னால ஒருத்தர் கேமராவத் தோள்ல தூக்கிக்கிட்டு நிக்க, அந்தக் கேமராவோட கண்ணாடிய நாங்க பாத்தோம். அவ்வளவு பெரிய கண்ண எங்க ஊரு அதுவரைக்கும் பாத்ததில்ல. அதுக்குப் பின்னால இன்னும் எத்தனை லட்சம் கண்ணு இருக்கோ. எங்க பிள்ளைக்கு இன்னைக்கு வைக்கிற மைதான் மைன்னு எங்களுக்கு நல்லாப் பட்டுருச்சு.

"சோத்துக்கு வழியில்லாதவ மாதிரி கெடக்கா, அவளுக்கு எங்கன மூச்சு நிக்கும்?"ன்னான் வெள்ளத்துரை, கண்ணு கலங்க.

தாசையா சார் ரிட்டையரான வாத்தியார், சர்ச்சு கொயர்ல ஆர்மோனியம் வாசிக்கவரு. "தாளம் அரை எடம் தள்ளுது. சின்னதுலயே சொன்னேன், கேக்கல"ன்னாரு.

பெத்தவ சுடலைக்கனி, "அவ எங்க பாடுதா, ஒரு சட்னி அரைக்கச் சொன்னா ஓடிருவா"ன்னா.

இப்படி தெரு தெருவா ஆளாளுக்கு ஒன்னு சொன்னோம். கடைசியா எங்கிட்ட வந்தாங்க. நான் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு, சீப்ப காதுல செருகிக்கிட்டு, அதே பிசிற, அதே விவரம் தெரியாதவன, இன்னும் கொஞ்சம் நீட்டி, கைய ஆட்டிச் சொன்னேன். அந்த ஜீன்ஸ் போட்ட பிள்ளைக்கு மொகம் செத்துப் போச்சு. "சார், ஒரே ஒரு நல்ல வார்த்தை?"ன்னுது. வெளியூருப் பிள்ளை, பாவம், அதுக்கென்ன தெரியும்.

அடுத்த ஞாயித்துக்கெழமை அதைப் போட்டாங்க. மாரிச்செல்வி மேடையில பச்சைப் பாவாடை தாவணியோட நிக்கா, அவளுக்குப் பின்னால சுவரு அளவுக்கு ஒரு திரை, திரையில நாங்க. வெள்ளத்துரை பேசி முடிச்சதும் அவ வலது கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துச்சு, நல்ல மை மாதிரி, வட்டமா. தாசையா சார் பேசி முடிச்சதும் உதட்டுக்குக் கீழ நாடியில ஒன்னு. பெத்தவ பேசி முடிச்சதும் நெத்தியில ஒன்னு. பெறகு பொலபொலன்னு, மழைக்கு முந்தி புழுதியில துளி விழுற மாதிரி, ஊரு பேசப் பேச அவ மொகம் பூரா விழுந்துச்சு. கடைசியா திரையில நான் வந்து கைய ஆட்டி முடிச்சதும், ஒரே ஒரு பொட்டு தள்ளிப் போய் தொண்டைக்குழியில விழுந்துச்சு. அவ வெரலால அதைத் தொட்டுப் பாத்துட்டு, பாட ஆரம்பிச்சா. பாட்டு மேல ஏறி, நிக்க வேண்டிய எடத்துல, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுன பஸ்ஸு மாதிரி ஒரு குதி குதிச்சுது. நடுவரா இருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, "உங்க ஊர்க்காரங்க சொன்னது சரிதான் போலயே"ன்னாங்க.

எங்க சலூன்ல யாரும் ஆச்சரியப்படல. "பாத்தியா, எப்படிப் பதிஞ்சிருக்கு"ன்னான் வெள்ளத்துரை. கடைசிச் சுத்துக்கும் அவளத் தேர்ந்தெடுத்துட்டாங்க. இதுக்கு மேல எந்தக் கண்ணு படும்?

அவ ஊருக்கு வந்தா. பஸ்ஸ விட்டு எறங்கயில துப்பட்டாவால மொகத்தச் சுத்தியிருந்தா. மேக்கப் போட்டாப் பொட்டு மேல ஒட்டாம வழிஞ்சு எறங்கிருதாம், சேம்ப எலையில தண்ணி மாதிரி. இது ஏதோ அலர்ஜி, சரி பண்ணிட்டு வாம்மா, மொகம் இப்படியே இருந்தா கடைசிச் சுத்துக்கு மேடையில ஏத்த முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். திருநெல்வேலியில தோல் டாக்டர் ஒரு களிம்பு குடுத்தாரு. களிம்பு மினுமினுன்னு ஆச்சு, பொட்டு அப்படியே இருந்துச்சு.

நாங்க என்ன செஞ்சோம், இட்லிக்கடைக்கு அவளப் பாக்கப் போனோம். போய், அவனவன் பொட்ட அவனவன் தேடுனோம். "காதுப் பக்கம் இருக்கது என்னுது", "இல்ல, அது எங்க மதினிது, உன்னுது நீளவாக்குல இருக்கும்"னு ரெண்டு பேரு சண்டை. தாசையா சார் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவ நாடியக் குனிஞ்சு பாத்து, "என்னுது கொஞ்சம் எடம் தள்ளியிருக்கு"ன்னாரு. அவ எல்லாருக்கும் மொகத்தத் திருப்பித் திருப்பிக் காட்டுனா. பெறகு சொன்னா, "கண்ணாடியில பாத்தா ஊரு பூரா தெரியுது மாமா. என்னையக் காணும்."

நாங்க இட்லியத் தின்னுட்டு, சட்னியில உப்பு கம்மின்னு சொல்லிட்டு வந்துட்டோம். ஜவுளிக்கடை மைக்குல வேற யாரோ, வாங்க வாங்கன்னு, யாரையும் கூப்பிடாத மாதிரி கூப்பிட்டுக்கிட்டிருந்தா.

மொத மாத்தம் சுடலைக்கனிக்குத்தான் வந்துச்சு. மக நெத்தியில தேங்கா எண்ணெயப் போட்டுத் தேச்சுக்கிட்டே திட்டிக்கிட்டிருந்தவ, திட்டுக்கு நடுவுல, "நீ பாடுதன்னு அடுப்ப அணைச்சுட்டுல்லட்டி கேட்டேன், அன்னைக்கு ஒரு ஈடு இட்லியும் கல்லாப் போச்சு"ன்னா. சொன்ன வாய் மூடல, மக நெத்தியில இருந்த பொட்டு இல்ல. சுடலைக்கனி கன்னத்துல இருந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் பாத்தாங்க. சுடலைக்கனி வெக்கப்பட்டு மாவுச்சட்டிக்குப் பின்னால போய் உக்காந்துக்கிட்டா.

அதுக்கப்புறம் ஊரு வரிசையில நின்னுச்சு. நல்லதா நாலு வார்த்தை சொன்னாப் போதும்னு நெனச்சு ரசிகர் மன்றத்துப் பயலுக மொதல்ல போய், 'இசைப் புயலே, எட்டாவது சுரமே'ன்னு பிளக்ஸ் அடிச்சு அவ வீட்டு வாசல்ல கட்டுனானுக. மறுநாள் காலையில பொட்டெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி பெருத்திருந்துச்சு. பிளக்ஸ அவுத்து ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்புக் கட்டுனாங்க. பாராட்டுறது வேற, நெசத்தச் சொல்றது வேறன்னு எங்களுக்கு வெளங்கதுக்குள்ள பாதி நாள் போச்சு. நெசத்தச் சொல்றதுல நாங்க பட்ட வெக்கம் இருக்கே, அம்மணமா பஜார்ல நடந்திருக்கலாம். வெள்ளத்துரை ஒரு சீப்பு பழத்த முன்னால வச்சுக்கிட்டு, ஒவ்வொன்னா அவனே உரிச்சுத் தின்னுட்டு, கடைசிப் பழத்துலதான் சொன்னான், "நீ பாடயில எங்க அம்மை கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுட்டி. திரும்பிப் பாத்துட்டேன்." தாசையா சார் வாசல்ல நின்னுக்கிட்டே, தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "தாளமெல்லாம் தள்ளல பிள்ள. எனக்குப் பொறாமை." பொட்டு அவருக்குப் போயிருச்சு.

இப்படி ஒவ்வொருத்தரா, அவ மொகம் வெளுக்க வெளுக்க, ஊரு மொகமெல்லாம் பொட்டாச்சு. பஜார்ல ஒருத்தரையொருத்தர் நிமிந்து பாக்க முடியல. பாத்தா இவனும் ஒரு நெசத்தச் சொன்னவன்னு தெரிஞ்சுரும். சலூனுக்கு வாரவங்களுக்கெல்லாம் நான் பொட்டச் சுத்திப் பாத்துப் பாத்துச் சவரம் பண்ணேன். கத்தி பட்டாலும் அது போகல. எதிரும் புதிருமா இருக்க கண்ணாடியில பொட்டு வச்ச தலையா வரிசையா போய்க்கிட்டே இருக்கும். அதுக்கு நடுவுல ஒரே ஒரு மொகம் மட்டும் சுத்தமா.

"அண்ணாச்சி மொகம் மட்டும் பளிச்சுன்னு இருக்கே"ன்னு ஒருத்தன் கேப்பான்.

"நல்ல பிளேடு போலடே"ன்னு இன்னொருத்தன் சொல்லுவான்.

சிரிக்க மாட்டாங்க. அதான் வலிக்கும்.

அவ மொகம் தெளிஞ்சிருச்சு. மேடையில ஏறலாம்னு டி.வி.க்காரங்களும் சொல்லிட்டாங்க. தொண்டைக்குழியில இருக்கது மட்டும் போகல. அது யாரோடதுன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்லாம ஊருக்கே தெரியும். அதோட மேல போனா அந்த எடத்துல குரல் இடிச்சு நிக்கும்னும் தெரியும். கடைசிச் சுத்துல பாடப் போற பாட்டு பூரா மேலதான்.

நான் போகாம இல்ல. இட்லிக்கடை வரைக்கும் போவேன். போய், "ரெண்டு இட்லி"ம்பேன். அவ வைப்பா. தின்னுட்டு வந்துருவேன். சொல்ல என்ன இருக்குன்னு எனக்கே வெளங்கல. இந்த ஊருல எந்தப் பாட்டுக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை இருக்கும். நான் மூஞ்சியச் சுளிச்சாப் போதும், ஒரு படம் எங்க ஊர்ல படுத்துரும். அப்படிப்பட்டவன் அடுப்ப அணைச்சேன், திரும்பிப் பாத்தேன்னு போய் நிக்கவா?

சென்னைக்குப் பொறப்படுற அன்னைக்கு அவளே கடைக்கு வந்தா. கையில பை. பெஞ்சுல இருந்தவனெல்லாம் பேப்பரத் தூக்கி மொகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டான்.

"மாமா, பஸ்ஸு வரப் போகுது."

"சூதானமாப் போயிட்டு வா தாயி."

"அன்னைக்கு நான் பாடயில நீங்க என்ன நெனச்சிங்க?"

நான் சீப்ப எடுத்தேன், வச்சேன். கண்ணாடியில அவ தொண்டை தெரிஞ்சுது, அதுல என் பொட்டு. எச்சில் முழுங்கயில அதுவும் ஏறி எறங்குச்சு. ஒரு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்து, பேப்பருக்கு மேல எட்டிப் பாத்த கண்ணெல்லாம் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. அதுக்குப் பதிலா வேற ஒன்னு வந்துச்சு.

"நல்லாருந்துச்சு"ன்னேன்.

பேப்பரெல்லாம் கீழ எறங்குச்சு. எங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாதா. "சரி மாமா"ன்னா. தொண்டைய துப்பட்டாவால மூடிக்கிட்டுப் போய் பஸ் ஏறுனா. நாற்காலியில இருந்த வெள்ளத்துரை எந்திரிச்சு, பாதி வெட்டுன முடியோட, காச மேசையில வச்சுட்டு வெளிய போயிட்டான்.

கடைசிச் சுத்து நேரலை. சாயங்காலம் என் கடையில நிக்க எடமில்ல. வேற எங்கயும் போய்ப் பாக்கலாம், ஆனா வேணும்னேதான் வந்தாங்க. பொட்டு வச்ச ஊரு பூரா ஒக்காந்து டி.வி.யப் பாத்துச்சு, ஒரு வாய் தொறக்கல. குறை சொன்னா அவளுக்கு, நெசத்தச் சொன்னா தனக்குன்னு எல்லாருக்கும் பயம். மத்த பிள்ளைங்க பாடுனப்பவும் பேச்சில்ல. ஒரு நடிகர் சிறப்பு விருந்தினரா வந்து தொப்பையோட ஆடுனாரு, அதுக்கும் ஒருத்தர் ஒன்னும் சொல்லல. என் கடையில அப்படி ஒரு அமைதிய நான் கேட்டதில்ல.

அவ வந்தா. பாட ஆரம்பிச்சா. கீழ இருந்து மெதுவா, ஜவுளிக்கடை வாசல்ல கூப்பிடுற அதே தோதுல, ஒவ்வொருத்தரையா பேரு சொல்லாம கூப்பிட்டுக்கிட்டே மேல போனா. அந்த எடம் வருதுன்னு எனக்குத் தெரியும், எனக்கு மட்டுந்தான் அவ்வளவு துல்லியமாத் தெரியும், ஏன்னா என் கத்தி நின்ன எடம் அது. சொல்லிரு, சொல்லிருன்னு உள்ள ஒன்னு அடிச்சுக்கிட்டுது. தாசையா சார் திரும்பி என்னையப் பாத்தாரு. சுடலைக்கனி பாத்தா. நான் டி.வி.யவே பாத்தேன். அவ அந்த எடத்துல கால வச்சா.

குரல் இடிச்சு நின்னுட்டு.

மைக்கு அவ மூச்சு வாங்குறத மட்டும் கேட்டுச்சு, அதை எங்களுக்கும் குடுத்துச்சு. தபலா வாசிக்கவரு கொஞ்சம் வாசிச்சு ஒப்பேத்துனாரு. அவ கீழ எறங்கி, கீழயே பாடி முடிச்சுட்டுக் கும்பிட்டா. கை தட்டுனாங்க, பாவப்பட்டுத் தட்டுற தட்டு. சோப்பு விளம்பரம் போட்டாங்க.

அந்த சோப்பு விளம்பரத்தப் பாத்துத்தான் நான் சொன்னேன். குரல் எனக்கே கேக்கல.

"சொல்ல எனக்கு ஒன்னுமே இல்ல தாயி. நீ பாடுனப்போ மொத தடவையா எனக்குச் சொல்ல ஒன்னுமே இல்லாமப் போச்சு. பயந்துட்டேன்."

தொண்டைக்குழியில சில்லுன்னு ஒன்னு விழுந்துச்சு. கண்ணாடிக்குள்ள, முன்னாலயும் பின்னாலயும், எத்தனையோ கொம்பையா கழுத்துல ஒரே நேரத்துல விழுந்துச்சு. ஒவ்வொருத்தரா செருப்பப் போட்டுக்கிட்டு எறங்கிப் போனாங்க. விளம்பரம் முடிஞ்சு அவளக் காட்டுனப்ப அவ கழுத்து சுத்தமா இருந்துச்சு. அவ அதைத் தொட்டுப் பாத்துட்டு, கேமராவ ஒரு பார்வை பாத்தா. மூணாவது எடம் குடுத்தாங்க. ஒரு கேடயம், ஒரு மிக்ஸி.

அவ வாரதுக்குள்ள எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, வெயில்லயும் கழுத்துல துண்டச் சுத்திக்கிட்டே வேலை செய்றது. பொட்டு போட்டவங்களப் பாத்து ஊருக்குப் பழகிப் போச்சு, ஒருத்தரும் என்னன்னு கேக்கல. ஆனா எல்லாரும் நேரத்துக்குச் சொன்னவங்க. என்னுது அப்படியில்ல.

ஒரு நாள் வெள்ளத்துரை நாற்காலியில ஒக்காந்து நுரையோட இருக்கான், அவ கடைப்படி ஏறி வந்தா. ஜவுளிக்கடை யூனிபார்ம் சேலை. மறுபடியும் வேலைக்குச் சேந்துருக்கா.

"துண்ட எடுங்க மாமா."

"கழுத்துல சுளுக்கு தாயி."

"எடுங்க."

எடுத்தேன். பக்கத்துல வந்து, தலையச் சாய்ச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பாத்தா, சேலைக்குக் கரை பாக்குற மாதிரி. எனக்குக் கண்ண எங்க வைக்கன்னு தெரியல.

"பொட்டு கோணலா விழுந்துருக்கு"ன்னா. "கலரும் சரியில்ல."

சொல்லிட்டு அவ பாட்டுக்கு எறங்கிப் போயிட்டா. நான் துண்ட உதறி, கொடியில போட்டுட்டு, கத்தியத் தீட்டி வெள்ளத்துரை கன்னத்துல வச்சேன். கொஞ்ச நேரத்துல ஜவுளிக்கடை மைக்கு கொரகொரன்னுச்சு. வாங்க, வாங்க, சேலை எடுக்க வாங்கன்னு கீழ இருந்து கெளம்பி, பஜாரத் தாண்டி, பஸ் ஸ்டாண்டத் தாண்டி, அந்த எடத்துக்கு வந்து, எங்கயும் இடிக்காம, மேல போய் நின்னுச்சு.

கத்தி பாதியில நின்னுட்டு.

"என்ன அண்ணாச்சி"ன்னான் வெள்ளத்துரை, நுரைக்குள்ள இருந்து. "கரண்டு போயிருச்சா?"

"இல்லடே"ன்னேன். "கரண்டு இருக்கு."